வீட்டுத் தோட்டமும் எலித்தொல்லையும்



வீட்டைச் சுற்றிச் சிறிதளவேனும் தோட்டம் வைத்திருப்பவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. கொல்லைப்புறம் சென்று, நேற்று மொட்டாக இருந்தது இன்று மலர்ந்ததா, பிஞ்சாக இருந்தது காயானதா என்று ஒரு சுற்றுப் பார்த்து வருவார்கள். பெரிய செலவில்லாத இன்பம் அது. ஆனால் சில நாள் அந்தக் காட்சி வேறுவிதமாக அமைந்துவிடுகிறது. நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டுவைத்த தக்காளியில் பாதியைக் காணோம். மரவள்ளிச் செடியின் அடியில் மண் குவிந்திருக்கிறது. கிழங்கு இருந்த இடத்தில் குழிதான் மிச்சம். தென்னையின் கீழே, காம்பருகில் வட்டமாகத் துளையிடப்பட்ட இளங்காய்கள் நான்கைந்து உதிர்ந்து கிடக்கின்றன. மதிலோரத்தில் நேற்று இல்லாத வளை ஒன்று வாய் திறந்திருக்கிறது. எலி வந்துவிட்டது என்று அறிகிறோம். உடனே நம் மனத்தில் எழும் எண்ணம் ஒன்றே ஒன்றுதான்: கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வரவேண்டும்.

அந்த எண்ணத்தைச் சற்றே தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன். இதைச் சொல்வதற்கு எனக்குள்ள தகுதி, நானும் ஒருமுறை அவ்வாறு கடைக்கு ஓடியவன் என்பதுதான்.

செங்கற்பட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்னால் 7 சென்ட் தோட்டம். நான்கு தென்னை, ஒரு கொய்யா, சில வாழைகள், காய்கறிப் பாத்திகள், ஒரு கோழிக்கூண்டு. மதிலுக்கு அப்பால் தலையிழந்து நிற்கும் பழைய பனைமரம் ஒன்று உண்டு. அதன் பொந்தில் ஓர் இணைக் கூகைகள் பல ஆண்டுகளாகக் குடியிருந்தன. வெள்ளை முகமும் கரிய கண்களும் உடைய அந்தப் பறவையை நீங்களும் பார்த்திருக்கலாம். இரவில் அது கத்தினால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அபசகுனம் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஓராண்டு எலித்தொல்லை பொறுக்க முடியாததாயிற்று. நானும் நஞ்சு கலந்த கட்டிகளை வாங்கி வந்து வளைதோறும் வைத்தேன். ஒரு வாரத்தில் பாத்திகளின் ஓரத்தில் செத்த எலிகள் கிடந்தன. எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. அடுத்த வாரம் திண்ணைக்கு அடியிலிருந்து தாங்க முடியாத நாற்றம் வந்தது. அதற்கடுத்த வாரம் பனைமரத்தின் கீழே ஒரு கூகை இறந்து கிடந்தது. நான் வைத்த நஞ்சைத் தின்ற எலியை அது தின்றதால்தான் இறந்தது என்று என்னால் மெய்ப்பிக்க இயலாது. ஆனால் வேறு காரணம் எதையும் என் மனம் ஏற்கவில்லை. மற்றொரு கூகை சில நாள் தனியே கத்திக்கொண்டிருந்து, பிறகு எங்கோ போய்விட்டது. நான்கு திங்கள் கழித்து வளைகளை எண்ணிப் பார்த்தேன். முன்பு இருந்த அளவுக்கே மீண்டும் இருந்தன. எலியைத் தின்னும் பறவையை இழந்தேன், எலியை இழக்கவில்லை.

அதன் பிறகுதான் எலி பிடிப்பதில் கைதேர்ந்த இருளர் ஒருவரை அழைத்து வந்தேன். இருளர் மக்கள் இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வயல்களில் எலி பிடித்து வருபவர்கள். எந்த வளையில் எலி இருக்கிறது, எந்த வளை வெற்று வளை என்பதை வாசலைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மட்கலத்தில் புகைமூட்டி வளைக்குள் ஊதி, மறுவாயில் எலியைப் பிடிப்பார்கள். வந்தவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்தை ஒரு முறை சுற்றி வந்தார். கோழிக்கூண்டின் அருகே குனிந்து சிந்திக்கிடந்த தவிட்டைத் தொட்டுப் பார்த்தார். மதிலின்மேல் காக்கைக்கு வைத்த சோறு காய்ந்து கிடந்ததைப் பார்த்தார். மூலையில் அடுக்கியிருந்த தென்னை மட்டைகளைக் காலால் தட்டினார். பிறகு என்னிடம் சொன்னார்: “ஐயா, வளையை நான் வெட்டிக் கொடுத்துவிடுவேன். சோறு போடுவதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.”

நான் இன்று சொல்ல இருப்பது அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

முதலில் நம் தோட்டத்துக்கு வருவது யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் வருவோர் பலர். மரமேறுவதில் வல்லது வீட்டெலி. உடலை விட நீண்ட வாலும் பெரிய காதுகளும் உடையது. தென்னையின் உச்சியிலும் ஓட்டுக்கூரையிலும் குடியிருந்து, இளங்காயைத் துளைப்பது இதுவே. மண்ணைத் தோண்டுவது பெருச்சாளி. ஒரு கிலோ எடை வரைக்கும் வளரக்கூடியது, பன்றிபோல் உறுமும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பாண்டிகூட் என்னும் பெயரே, பன்றியெலி என்று பொருள்படும் பந்திகொக்கு என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து பிறந்தது. வளையின் வாயில் புதுமண் குவியலாகக் கிடந்தால் அது பெரும்பாலும் இதன் இனத்தின் வேலை. அந்த இனத்தின் சிறிய வகை, வயல்களில் கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேமித்து வைப்பது. புறநானூற்றின் 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், தானும் துய்க்காது பிறர்க்கும் உதவாது பொருளைக் காத்துக் கிடக்கும் மனிதருக்கு இந்தச் சேமிப்பு எலியையே உவமையாக்கினான். இந்தப் பழக்கத்தை நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கின்றனர் என்பது இதனால் விளங்கும். வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்கும் இடையே ஓடித்திரியும் சுண்டெலி மூன்றாவது வகை.

இவற்றோடு நாம் தவறாகச் சேர்த்து அடித்துக்கொல்லும் உயிர் ஒன்றுண்டு. அது மூஞ்சூறு. நீண்டு கூரிய மூக்கும், மிகச் சிறிய கண்களும், ஒருவகைக் கடும் வாசனையும் உடையது. கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடும். இது எலி இனமே அன்று. கொறிக்கும் பல் இதற்கு இல்லை. கரப்பான் பூச்சியையும் மற்றப் பூச்சி புழுக்களையும் தேடித் தின்பது. பிள்ளையாரின் ஊர்தி என்று சொல்லி நம் பாட்டிமார் இதை அடிக்கவிடாமல் தடுத்தது, தோட்டத்துக்கும் நன்மையாகவே முடிந்தது.

இனி, கொல்வதனால் மட்டும் எலி குறையாது என்று சொன்னேனே, அதற்குக் காரணம் என்ன என்று பார்ப்போம். பெண்ணெலி கருவுற்ற மூன்று வாரத்தில் குட்டி போடுகிறது. ஓர் ஈற்றுக்கு ஆறு, எட்டு என்று பிறக்கின்றன. அந்தக் குட்டிகள் ஏறத்தாழ மூன்று திங்களில் தாமும் குட்டி போடும் பருவத்தை அடைகின்றன. இவ்வளவும் நடப்பதற்கு வேண்டியது வயிறார உணவும் ஒளிவதற்கு இடமும்தான். 20 எலி வாழத்தக்க இரையும் இடமும் உள்ள தோட்டத்தில் 15 எலிகளைக் கொன்றுவிட்டால் என்ன ஆகும்? எஞ்சிய ஐந்துக்கும் உணவு மிகுதியாகிறது. அவை விரைந்து பெருகுகின்றன. அண்டைத் தோட்டத்திலிருந்தும் சில குடியேறுகின்றன. சில திங்களில் பழைய கணக்கு நிரம்பிவிடுகிறது.

இது என் சொந்தக் கற்பனை அன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1940களில் டேவிட் டேவிஸ், ஜான் எம்லன் முதலிய அறிஞர்கள் நகரத்துத் தெருக்களில் வாழும் எலிகளை ஆராய்ந்தனர். அதற்கு முன் அந்நகரில் நஞ்சு வைத்துத் திரளாக எலிகளைக் கொன்று பார்த்திருந்தார்கள். கொன்ற இடங்களில் எலிகள் மீண்டும் பெருகிவிட்டன. வீட்டுக் கொல்லைகளில் குப்பையை மூடி வைத்து, ஒளிவிடங்களை அகற்றியபோதோ எலிகளின் எண்ணிக்கை குறைந்து, குறைந்த நிலையிலேயே நின்றது. ஓரிடத்தில் எத்தனை எலிகள் வாழும் என்பதை முடிவு செய்வது அங்குள்ள உணவும் உறைவிடமுமே என்று அவர்கள் கண்டார்கள். செங்கற்பட்டு இருளர் எனக்குச் சொன்னதும் இதுதான்.

எலியின் மற்றோர் இயல்பும் நஞ்சைப் பயனற்றதாக்குகிறது. தான் நடமாடும் வழியில் புதிதாக எதைக் கண்டாலும் அது ஐயுறும். சில நாள் அதை நெருங்காது. நெருங்கினாலும் முதலில் சிறிதளவே தின்று பார்க்கும். தின்றபின் உடல் நலம் கெட்டுப் பிழைத்துக்கொண்டால், அந்தச் சுவையுள்ள உணவை மறுபடி தொடாது. எலியால் வாந்தி எடுக்க இயலாது. அதனால்தான் இவ்வளவு எச்சரிக்கை. உடனே கொல்லும் நஞ்சுகளை அது விரைவில் இனங்கண்டு கொள்வதற்கு இதுவே காரணம்.

எலித்தொல்லை என்பது நான்கு தக்காளியும் பத்துத் தேங்காயும் போவதோடு நிற்பதாயின், நான் இத்தனை நேரம் உங்களை உட்கார வைத்திருக்க மாட்டேன். அதில் மனித உயிரும் அடங்கியிருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் பாத்தி கட்டித் தரும் பெரியவர் ஒருவருக்கு ஒரு கார்த்திகை மாதத்தில் கடுங்காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் தொட முடியாதபடி வலித்தது. கண்கள் சிவந்திருந்தன. மழைக்கால காய்ச்சல்தானே என்று இரண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் அவருடைய காலைப் பார்த்தார். குதிகாலில் வெடிப்பு இருந்தது. “வெறுங்காலோடு தேங்கிய தண்ணீரில் நின்று வேலை செய்தீர்களா? அங்கே எலி உண்டா?” என்று கேட்டார். இரண்டுக்கும் விடை ஆம் என்பதே. அவருக்கு வந்தது எலிக்காய்ச்சல். உரிய காலத்தில் மருந்து கொடுத்ததால் பிழைத்துக்கொண்டார்.

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி திருகுபோல் சுருண்ட வடிவுடையது. எலியின் சிறுநீரகத்தில் தங்கி வாழ்வது. எலிக்கு அதனால் பெருந்தீங்கு இல்லை. எலியின் சிறுநீரோடு வெளிவந்து, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு, கையில் உள்ள முட்கீறல், கண், வாய் ஆகிய வழிகளில் நம் உடலுக்குள் புகும். இந்நோயின் கடுமையான நிலையை 1886இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் விவரித்தார். அதன் கிருமியை 1915இல் ஜப்பானில் இனாடா, இடோ முதலியோர் கண்டறிந்தனர். முற்றிவிட்டால் மஞ்சட்காமாலையும் சிறுநீரகக் கேடும் உண்டாகி உயிருக்கே இறுதியாகலாம். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் எளிய மருந்துகளால் தீரும். ஆகவே தோட்ட வேலை செய்பவருக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால், தோட்டத்தில் எலி இருக்கும் செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். காலில் செருப்போ முழங்கால் வரையுள்ள இரப்பர்க் காலணியோ இன்றிச் சேற்றில் இறங்கக்கூடாது.

பிளேக் என்னும் கொள்ளை நோயை நினைவூட்டத் தேவையில்லை. 1896இல் அது பம்பாயில் பரவியபோது மக்கள் பட்ட துன்பம் வரலாற்றில் பதிந்திருக்கிறது. எலியின் உடலில் உள்ள தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புகிறது என்று 1898இல் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் சோதித்துக் கண்டார். எலி இறந்ததும் தெள்ளு அதன் உடலை விட்டு வேறு உடலைத் தேடும். இன்று நம் தோட்டத்தில் பிளேக் வரும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் செத்த எலியை வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்குவது கூடாது என்னும் பாடம் என்றும் பொருந்தும்.

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். நல்லபாம்பு எலியைத் தேடி வந்து, எலியின் வளையிலேயே தங்கிவிடும். 2000 முதல் 2019 வரையுள்ள காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பாம்புக்கு அஞ்சுகிறவர் முதலில் எலிக்கு இரையிடுவதை நிறுத்த வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, உணவை அகற்றுவது. ஒரு நாள் அந்தி நேரத்தில் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். இருட்டிய பிறகு எலிக்குக் கிடைக்கக்கூடியவை என்னென்ன என்று பாருங்கள். கோழித் தீனி, நாயின் தட்டில் மிஞ்சிய சோறு, மரத்தடியில் விழுந்த கொய்யாவும் மாம்பழமும், எருக்குழியில் கொட்டிய சமைத்த உணவு ஆகியவை உங்கள் கண்ணில் படும். கோழிக்குப் பகலிலே அளந்து போட்டு, மாலையில் மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிட வேண்டும். தீனியை மூடியுள்ள தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். சாக்கில் வைப்பது எலிக்குப் பரிமாறுவதற்குச் சமம். உதிர்ந்த கனிகளை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும். எருக்குழியில் காய்கறித் தோலும் சருகும் இடலாம். சோறு, எலும்பு, மீன் கழிவு ஆகியவற்றை இடலாகாது. இட்டதன்மேல் மண்ணோ சருகோ மூடி வைப்பது நல்லது.

காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தைப்பற்றி ஒரு சொல். அதைக் கைவிடச் சொல்ல நான் துணிய மாட்டேன். காக்கை எவ்வளவு உண்ணுமோ அவ்வளவே வையுங்கள். நண்பகலுக்குள் எஞ்சியதை எடுத்துவிடுங்கள். முன்னோரை நினைத்து இடும் சோறு காக்கைக்கே சேரட்டும். இரவில் வருபவனுக்கு அதில் பங்கு வேண்டாம்.

இரண்டாவது, தண்ணீர். சொட்டும் குழாயையும், துவைகல்லின் கீழே தேங்கும் நீரையும், அகலத் திறந்த கழிவுநீர்த் துளையையும் சரிசெய்ய வேண்டும். நீர் போகும் வாய்க்குக் கம்பி வலை பொருத்த வேண்டும்.

மூன்றாவது, ஒளிவிடம். தென்னை மட்டை, விறகு, உடைந்த ஓடு, பழைய செங்கல் ஆகியவற்றைத் தரையில் குவித்து வைப்பது எலிக்கு மாளிகை கட்டித் தருவதாகும். வேண்டாதவற்றைப் போக்குங்கள். வேண்டுவனவற்றைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரை ஒட்டாமல், மேடையிட்டு அடுக்குங்கள். கீழே வெளிச்சம் தெரிந்தால் எலி அங்கே தங்காது. போகிப் பண்டிகைக்கு என்று நாம் ஒதுக்கும் வேலையை ஐப்பசி மழைக்கு முன்னே, புரட்டாசியிலேயே ஒரு முறை செய்துவிட்டால் நலம். ஏனெனில் மழை பெய்து வளைகளில் நீர் புகுந்ததும் எலிகள் மேடான இடத்தையும் வீட்டையும் நாடி வரும்.

நான்காவது, வழியை அடைப்பது. சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடைவெளியிலும், எலிக்குட்டி 12 மில்லிமீட்டர் இடைவெளியிலும் புகுந்துவிடும். அதாவது ஒரு விரல் நுழையும் ஓட்டையை ஓட்டை அன்று என்று எண்ணக் கூடாது. கதவின் அடியிடுக்குக்குத் தகடு அடிக்கலாம். சுவர்த் துளைகளைச் சிமெண்டும் கண்ணாடித் துண்டும் கலந்து அடைக்கலாம். கூரையைத் தொடும் மரக்கிளைகளை ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும்படி வெட்டிவிடுங்கள். தென்னையில், தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்துக்குமேல், ஒன்றரை அடி அகலமுள்ள துத்தநாகத் தகட்டை மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் எலியின் நகம் அதில் பிடிகொள்ளாமல் வழுக்கும். ஆனால் அடுத்த மரத்தின் மட்டை இந்த மரத்தின் மட்டையைத் தொடுமாயின், எலி மேல்வழியாகவே வந்துவிடும். அப்போது எல்லா மரங்களுக்கும் தகடு கட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகே பிடிக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். எத்தனை வளைகளில் எலி வாழ்கிறது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணிட்டு மூடிவிடுங்கள். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவையே குடியுள்ள வளைகள். இதை மாதம் ஒரு முறை செய்து ஒரு தாளில் குறித்துவந்தால், உங்கள் முயற்சி பலிக்கிறதா இல்லையா என்பதை எண்ணே சொல்லிவிடும்.

கம்பிக் கூண்டு வைப்பவர்கள் அதைத் திறந்தவெளியின் நடுவே வைக்கிறார்கள். எலி தன் மீசையால் சுவரை உராய்ந்துகொண்டே செல்லும் இயல்புடையது. ஆகவே கூண்டைச் சுவரோரமாக, அது வழக்கமாகச் செல்லும் தடத்தில் வைக்க வேண்டும். முதல் மூன்று நாள் கதவு விழாதபடி கட்டிவைத்து, உள்ளே சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வையுங்கள். எலி அச்சம் நீங்கி வந்து தின்று பழகிய பிறகு, நான்காம் நாள் பொறியை ஏற்றுங்கள். உழவர்கள் மூங்கிலாலும் பனையோலையாலும் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் வில்பொறியும் வளைவாயில் நன்கு பயன்படும்.

பசை தடவிய அட்டைகளை வாங்காதீர்கள். அதில் ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. ஓணானும் தவளையும் குருவியும்கூட அகப்படுகின்றன. கூண்டில் பிடித்த எலியைப் பக்கத்து ஊர் வயலில் கொண்டுபோய் விடுவதும் கருணை ஆகாது. நம் தொல்லையை இன்னொருவர் தலையில் இறக்குவதே அது. கொல்லத்தான் வேண்டும் என்றால் ஒரே அடியில் விரைந்து முடியும்படி செய்ய வேண்டும். நீரில் அமிழ்த்தியும் பட்டினி போட்டும் வதைத்தல் தகாது. இந்த வேலையில் பழக்கம் உள்ளவரை அழைத்து, உரிய கூலியை மனங்கோணாமல் கொடுப்பது இரு திறத்தார்க்கும் நன்று.

நஞ்சைப்பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எலி நஞ்சுகளில் துத்தநாகப் பாஸ்பைடு வயிற்றில் நச்சுவாயுவாக மாறிக் கொல்வது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலை அழித்துவிடும். அதற்கும் மாற்று மருந்து இல்லை. பற்பசை என்று எண்ணிக் குழந்தைகள் அதை வாயில் வைத்த துயரங்கள் நேர்ந்திருக்கின்றன. மூன்றாவது வகை, இரத்தம் உறையாமல் செய்வது. இதன் கதை விந்தையானது. கெட்டுப்போன ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் வட அமெரிக்காவில் குருதி நில்லாமல் இறந்தன. அதன் காரணத்தை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியல் அறிஞர் ஆராய்ந்து கண்டார். அந்த ஆராய்ச்சியின் வழியே பிறந்த வார்பரின் 1948இல் எலிக்கொல்லியாக வந்தது. பின்னர் அதுவே மனிதர்க்கு இரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்தும் ஆயிற்று. இன்று விற்கும் புரோமடயலோன் முதலியவை அந்த மரபில் வந்த, மேலும் கடுமையானவை. தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து நடமாடிவிட்டே சாகும். தளர்ந்த எலி கூகைக்கும் பூனைக்கும் எளிதில் கிடைக்கும் இரை. நஞ்சு அவ்வழியே அவற்றின் உடலுக்கும் சென்றுவிடுகிறது. நான் வைத்த கட்டிகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

வேறு வழியே இல்லாத நிலையில் நஞ்சு வைப்பதாயின், குழந்தையின் கையும் நாயின் வாயும் எட்டாத மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். நாள்தோறும் செத்தவற்றைத் தேடி எடுத்துக் கையுறையோடு ஆழப் புதைக்க வேண்டும். வேலை முடிந்ததும் எஞ்சிய நஞ்சை அகற்றிவிட வேண்டும். யாரேனும் தவறித் தின்றுவிட்டால் ஒரு நொடியும் தாமதியாமல், நஞ்சின் உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரத்தம் உறையாமற் செய்யும் வகைக்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக உண்டு. எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் தக்கதைச் செய்ய முடியும்.

நமக்குத் துணைவர் இல்லாமல் இல்லை. கூகை, சாரைப்பாம்பு, கீரி ஆகியவை கூலி வாங்காத காவலர்கள். சாரைப்பாம்புக்கு நஞ்சு இல்லை. அது நல்லபாம்போடு இணையும் என்று சொல்வது வெறும் கதை. பூனை சுண்டெலியையும் எலிக்குட்டியையும் பிடிக்குமேயன்றி, வளர்ந்த பெருச்சாளியைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். எனினும் இவையெல்லாம் மிஞ்சியவற்றைக் குறைக்குமே தவிர, நாம் கொட்டும் சோற்றுக்கு ஈடுசெய்ய இவற்றால் ஆகாது.

கடைசியாக ஒன்று. எலிக்கு மதில் தெரியாது. என் தோட்டத்தை மட்டும் தூய்மை செய்தபோது பயன் பாதிதான் கிட்டியது. பிறகு எங்கள் தெருவில் 11 வீட்டாரும் கூடிப் பேசினோம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லா வீட்டுக் குப்பையையும் விறகையும் ஒழுங்குபடுத்தினோம். ஒரே மாலையில் எல்லா வளைகளையும் மூடினோம். மறுநாள் திறந்திருந்தவற்றை அந்த இருளரும் அவர் மகனும் பார்த்துக்கொண்டார்கள். என் தோட்டத்தில் முதலில் 14 வளைகள் திறந்திருந்தன. ஓராண்டு கழித்து இரண்டு இருந்தன. ஒவ்வொரு மழைக்கும் ஒன்றிரண்டு புதிதாகத் தோன்றத்தான் செய்கின்றன, மூடுகிறோம். எலியே இல்லாத தோட்டம் எனக்கு வாய்க்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்று எவரேனும் சொன்னால் அவரிடம் ஏதோ விற்பதற்கு இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நஞ்சு வைப்பதை எங்கள் தெருவில் நிறுத்தி இப்போது ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மார்கழியில் ஓர் இரவு, பனைமரத்துப் பக்கத்திலிருந்து கூகையின் குரல் கேட்டது. பழைய வழக்கப்படி என் தாயார் காதைப் பொத்திக்கொண்டார்கள். காலையில் எழுந்து போய்ப் பார்த்தேன். மரத்தடியில் மயிரும் எலும்பும் திரண்ட ஓர் உருண்டை கிடந்தது. இரவில் விழுங்கிய இரையின் செரியாத பகுதியைக் கூகை அவ்வாறு உமிழ்வது வழக்கம். குச்சியால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஓர் எலியின் மண்டையோடு முழுதாக இருந்தது. அதைத் தாயாரிடம் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார்கள்.